பறவைகள் இருந்த பக்கம்

மார்ச் 3

தம்பிக்கு,

திமிங்கிலத்தைப் பார்த்ததும் நான் படகை அதன் மேல் விட்டேன் என்று துறைமுக அலுவலகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாய். அது பொய். உன் மனைவி செத்ததற்கு நான்தான் காரணம் என்று அதே தாளில் இருக்கிறது. அதுவும் பொய். எழுதிக் கொடுத்த கையோடு மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாய். குமாஸ்தா படித்துக் காட்டித்தான் எனக்கே தெரியும்.

அன்றைக்கு நடந்ததை உனக்கு எழுத வேண்டிய அவசியமில்லை. நீயும் படகில்தான் இருந்தாய். ஆனால் அந்தத் தாளைப் பார்த்தால் நீ வேறு ஏதோ படகில் போன மாதிரி இருக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

காலையில் கடல் அசைவே இல்லாமல் கிடந்தது. பாறைத் திட்டைத் தாண்டும்வரை ஆலாப் பறவைகள் கூடவே வந்தன. அதற்கப்புறம் நாம் ‘உரசி’ என்று கூப்பிடுகிற அந்தக் கரும்பழுப்புப் பறவைகள் வந்தன, இறக்கை நுனியால் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும். பயணிகளுக்குப் பறவை போதவில்லை. “டிக்கெட்ல திமிங்கிலம் படம் போட்டிருக்கீங்க, நிஜத்துல எங்கே?” என்று ஒரு ஆள் கீழேயிருந்து கத்தினது மேல்தட்டில் நின்ற எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நிஜமே வந்தது. வால் ஓரம் கிழிந்த நம் கிழவிதான். இரண்டு முறை மூச்சு விட்டாள், முதுகை வளைத்தாள், வாலைத் தூக்கி முங்கினாள். நான் எஞ்சினைத் தணித்தேன்.

முங்கின திமிங்கிலம் எங்கே எழும் என்று எந்தக் கருவியும் சொல்லாது. கீழேயிருந்து அது மீன் கூட்டத்தை நெட்டிக்கொண்டு வருவது மேலே இருக்கிற பறவைக்குத்தான் முதலில் தெரியும். பறவைகள் ஒரு பக்கம் கூடித் தலையைக் குனிந்தால் அந்தப் பக்கம் அது வருகிறது. நாம் மறுபக்கம் மெல்ல ஒதுங்கி அதற்கு இடம் விட வேண்டும். நான் சுக்கான் பிடித்த நாளிலிருந்து இப்படித்தான் செய்கிறேன். யாரும் சொல்லித் தரவில்லை, பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. ஒரு தடவையும் தப்பினதில்லை.

அன்றைக்குப் பறவைகள் மொத்தமும் நம் படகுக்கு இடது பின்பக்கம் கூடின. நான் வலது பக்கம் ஒதுங்கினேன். கிழவி வலது பக்கம்தான் எழுந்தாள், நமக்கு நேர் கீழே. புரொப்பெல்லர் சதையில் இறங்கினது என் உள்ளங்காலுக்குத் தெரிந்தது. படகு தூக்கிப் போட்டதில் உன் மனைவி பின்தளத்துக் கம்பிக்கு வெளியே போய் விழுந்தாள். தண்ணீரிலிருந்து தூக்கியபோது மண்டை உடைந்திருந்தது.

பார்த்தவர்கள் என்ன சொல்வார்கள்? திமிங்கிலம் வலது பக்கம், படகும் வலது பக்கம் திரும்பியது, ஆகவே துரத்தினாள். சொல்லட்டும், அவர்கள் ஒரு நாள் வந்து போகிறவர்கள். நீ?

பறவைகள் ஏன் இடது பக்கம் போயின? படகை நானே கழுவினேன். இடது பின்பக்கத்துப் பலகையின் வெளிப்புறம் முழுக்க மீன் எண்ணெய். குமாஸ்தாவிடம் சொன்னேன். “படகுல எண்ணெய் இல்லாம பன்னீரா இருக்கும்?” என்றான். பக்கத்தில் இருந்தவன் சிரித்தான்.

நீ தீனி போட்டிருக்கிறாய். மற்றப் படகுகளில் செய்வது போல எண்ணெயை ஊற்றி மீன் குடலை வீசிப் பறவைகளை இழுத்திருக்கிறாய். நம் படகில் அது கூடாது என்று நான் சொன்னது உனக்குத் தெரியும். மேல்தட்டில் இருக்கிற எனக்குக் கூரை மறைப்பதும் உனக்குத் தெரியும். ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. படகில் ஏறினால் இறங்கும்வரை மிதவைச் சட்டையைக் கழற்றாத உன் மனைவி அன்றைக்கு ஏன் அது இல்லாமல் நின்றாள்?

விசாரணை 28ஆம் தேதி. அதற்குள் அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு உண்மையை எழுதிக் கொடு. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனிடம் இப்படிப் பேசலாமா என்று நினைப்பாய். பேசலாம்.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. மகள் ஆபீஸுக்குப் போன பிறகு படித்தேன். உன் கையெழுத்தைப் பார்த்தாலே அவளுக்கு முகம் மாறிவிடுகிறது. கடிதத்தை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இந்த வயதில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளிக்கிற நிலைமை எனக்கு.

ஏழாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டி. அதில் இரண்டு புறா. நாள் முழுக்க அதுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். லிஃப்ட் ஏறும்போதெல்லாம் வயிறு புரட்டுகிறது. கடலில் புரட்டாத வயிறு.

நீ கேட்டதற்கு என்ன சொல்வது? நடந்தது நடந்துவிட்டது. அந்தத் தாளை எழுதும்போது நான் நானாக இல்லை. கேட்டார்கள், சொன்னேன். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்.

ஆனால் ஒன்று யோசித்துப் பார். துறைமுக அதிகாரியிடம் நான் பேசிவிட்டுத்தான் வந்தேன். கணிப்பு தவறிவிட்டது என்று நீ ஒப்புக்கொண்டால் போதுமாம். உன் உரிமத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கோப்பை மூடிவிடுவார்கள். வழக்கு, போலீஸ் எதுவும் வராது. உனக்கும் முட்டி வலிக்கிறது, ஏணி ஏற முடியவில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் நீயாகவே இறங்கியிருப்பாய். இப்போதே இறங்கினால் என்ன கெட்டுவிட்டது?

நீ விடமாட்டாய் என்று தெரியும். மேல்தட்டுக்கு ஒரு நாற்காலி வாங்கி வைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்று அதைக் கரையில் இறக்கி வைத்துவிட்டு, அப்புறம் முழங்காலுக்கு மருந்து தடவிக்கொண்டு நின்றவள் நீ. அவளும் நானும் கீழே நின்று எத்தனை சிரித்திருக்கிறோம். இந்த ஒரு தடவை விட்டுக்கொடு, அக்கா. நான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 13

தம்பிக்கு,

நீ தீனி போட்டதைப் பற்றி எழுதினேன். புறாவைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

கிழவி இன்னும் சாகவில்லை. தாடிக்காரர் தன் படகில் பார்த்துவிட்டு வந்து சொன்னார். நம் படகைக் கட்டிப்போட்டு முத்திரை வைத்துவிட்டார்கள், ஆகவே அவர் படகில் கூலி ஆள் போல ஏறிப் போய்ப் பார்த்தேன். பயணிகளும் இருந்தார்கள். பாறைத் திட்டுக்கு வெளியே ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறாள். முங்குவதில்லை. மூச்சு விடும்போது தாரை நேராக எழாமல் சிந்துகிறது. முதுகில் வரிசையாக வெட்டுகள், நம் புரொப்பெல்லர் போட்டவை. அந்தப் புண்ணில் கடற்புறாக்கள் உட்கார்ந்து கொத்துகின்றன. கொத்தும்போது அவள் தோல் சிலிர்க்கிறது. அதைத் தவிர அவளால் எதுவும் செய்ய முடியவில்லை. பயணிகள் படம் எடுத்தார்கள். ஒரு பெண் மட்டும் காமிராவை இறக்கிவிட்டு, “போதும், திருப்புங்க” என்று அழுதாள்.

படம் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று தாடிக்காரர் பின்னால் போய் வாளியைத் திறந்தார். அந்த வாசனையை நான் பத்து ஆள் தூரத்திலேயே கண்டுபிடிப்பேன்.

“என்ன செய்றீங்க?” என்றேன்.

“எல்லாரும் செய்றதுதானே, அக்கா. பறவை பக்கத்துல வந்தா ஜனம் சந்தோஷமா போகுது. உங்களுக்கு மட்டும்தான் இது பாவம்.”

“பறவை அங்கே வந்தா திமிங்கிலம் எங்கே இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாட்டி என்ன? கடல் பெருசு. இடிக்கவா போகுது?”

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. தாடியைத் தடவிக்கொண்டு, “உங்களைச் சொல்லலை, அக்கா” என்றார். கரைக்குத் திரும்பும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. வாளியையும் மூடவில்லை.

இதற்காகத்தான் கேட்கிறேன். உரிமம் போனால் போகட்டும். கோப்பில் ‘ஓட்டியவளின் கவனக்குறைவு’ என்று எழுதி மூடினால், குற்றம் ஒரு கிழட்டுப் பெண்ணோடு முடிந்தது என்று எல்லாரும் நாளைக் காலை வாளியோடு கிளம்புவார்கள். அடுத்த படகில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது.

நீ வீசின தீனி உன் பெண்டாட்டியைக் கொன்றது. அதை மறைக்க என்னைக் குற்றவாளியாக நிறுத்துகிறாய். நான் நிற்கமாட்டேன்.

அக்கா


மார்ச் 18

அக்கா,

நான் வீசவில்லை.

அவள்தான் வீசினாள்.

இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. எழுதாமலே போய்விடலாம் என்று பார்த்தேன், நீ விடவில்லை.

மழைக்காலம் முடிந்ததிலிருந்து செய்துகொண்டிருந்தாள். ஒன்றுமே தென்படாமல் திரும்பின நாட்கள் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ மேலே நின்று கடலைப் பார்ப்பாய். அவள் கீழே நின்று அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். டீ கொடுப்பது அவள், வாந்தி எடுத்தால் துடைப்பது அவள், ஏமாற்றிவிட்டீர்கள் என்று ஏச்சு வாங்குவதும் அவள். ஒரு நாள் கண் சரியாகத் தெரியாத ஒரு பெரியவரைப் பேரன் பேத்திகள் அழைத்து வந்திருந்தார்கள். எதுவும் வரவில்லை. இறங்கும்போது அவர், “பரவாயில்லம்மா, வந்திருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது” என்றாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் சாப்பிடவில்லை. “திமிங்கிலத்தை நம்மால வரவைக்க முடியாது. பறவையையாவது கை தொடுற தூரத்துல காட்டலாமே, அதுல என்ன தப்பு?” என்று என்னைக் கேட்டாள். நான் தப்பு என்று சொல்லவில்லை. அக்காவுக்குத் தெரிந்தால் தொலைந்தோம் என்று மட்டும் சொன்னேன்.

நீ ஒரு தடவை அவளைப் பிடித்தாய். பழைய தீனி கொஞ்சம் இருந்த வாளியைப் பயணிகள் முன்னாலேயே அவள் காலடியில் கவிழ்த்தாய். அது தூண்டில்காரர்கள் விட்டுப்போனது என்று அவள் சொன்னாள், நீயும் நம்பினாய். அதற்கப்புறம் இன்னும் மறைத்துச் செய்தாள்.

அன்றைக்குப் பயணிகள் எல்லாரும் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார்கள், வெயில் முதுகுக்கு வரும்படி. அவர்களுக்குத் தெரியட்டும் என்று இடது பக்கம் ஊற்றினாள். டப்பா மூடி இறுகியிருந்தது. நான்தான் திறந்து கொடுத்தேன்.

மிதவைச் சட்டை ஏன் இல்லை என்று கேட்டாயே. அதில் எண்ணெய் பட்டால் உன் மூக்குக்குத் தெரிந்துவிடும் என்று கழற்றி உள்ளே மடித்து வைத்தாள். கம்பிக்கு வெளியே எட்டி எட்டி ஊற்றினதும் பலகையில் படக்கூடாது என்பதற்காகத்தான். படகு தூக்கிப் போட்டபோது மிச்சமெல்லாம் பலகையிலேயே கொட்டிவிட்டது.

போதுமா?

என் மகளுக்கு இது எதுவும் தெரியாது. அத்தை அம்மாவைக் கொன்றுவிட்டாள் என்று தினமும் சொல்கிறாள். சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுகிறாள், குளிக்கிறாள், ஆபீஸுக்குப் போகிறாள். அந்தக் கோபத்தையும் பிடுங்கிவிட்டு, உன் அம்மா தன் சாவைத் தானே வாளியில் சுமந்துகொண்டு போனாள் என்று நான் எப்படிச் சொல்வேன்? செத்தவள் மேல் எப்படிப் பழி போடுவேன்? உன்னால் தாங்க முடியும், அக்கா. சின்ன வயதிலிருந்து எல்லாவற்றையும் நீதான் தாங்கினாய். இதையும் தாங்கிக்கொள். காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

படித்தேன். சட்டையைப் பற்றி எழுதியிருக்கிற பக்கத்தை இன்னொரு தடவை படித்தேன்.

பாத்திரம் தேய்க்கிற நாரைப் போட்டு அவள் கையைத் தேய்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். “தோல் உரிஞ்சிடும்டி” என்றேன். “டீ கொடுக்கிற கை அண்ணி, மீன் நாறக் கூடாது” என்றாள். நான் நம்பினேன். அவள் சொன்னால் நம்புவேன். அவள் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எனக்குப் பேசத் துணை அவள்தான், நீ இல்லை.

என்னிடம் நேராகக் கேட்டிருக்கலாம். மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். ஏன் என்றும் சொல்லியிருப்பேன். பறவையை வைத்துத்தான் நான் ஓட்டுகிறேன் என்று அவளுக்கு யாருமே சொல்லவில்லையா? உனக்குத் தெரியும். மூடியைத் திறக்கும்போது உனக்குத் தெரியும்.

எனக்குப் பதில் எழுது. அவளிடம் நீ அதைச் சொன்னாயா?

அக்கா


மார்ச் 23

அக்கா,

சொல்லவில்லை. தோன்றவில்லை. பறவை வந்தது, பயணிகள் கை தட்டினார்கள், அவள் சிரித்தாள். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

28ஆம் தேதி நீ அவள் பேரை எடுத்தால் எனக்கு அக்கா கிடையாது. என் மகளுக்கு அத்தை ஏற்கெனவே கிடையாது. இதை மிரட்டலாக எடுத்துக்கொண்டாலும் சரி.

தம்பி


மார்ச் 25

தம்பிக்கு,

கிழவி நேற்றுச் செத்தாள். துறைமுகத்தின் இழுவைப் படகு வாலில் கயிறு போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தது. ஊதிப் போயிருந்தாள். வேடிக்கை பார்க்க ஊரே வந்தது. தாடிக்காரரும் வந்தார், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். இன்று காலை அவர் படகு போனதைப் பார்த்தேன், பின்னால் பறவைக் கூட்டம் தொங்கிக்கொண்டிருந்தது.

நீ கேட்டதை யோசித்தேன். யோசிக்காமல் எழுதுகிறேன் என்று நினைக்காதே. உன் மனைவிக்காக இதைச் சுமக்க எனக்கு மனம் இருக்கிறது. முதுகும் இருக்கிறது. ஆனால் நான் சுமந்தால் அது அவளுக்காக மட்டும் ஆகாது, அந்த வாளிகளுக்கும் சேர்த்து ஆகும். அதனால் முடியாது. அவள் எனக்குப் பயந்து சட்டையைக் கழற்றினாள் என்பது இனி என்னோடு இருக்கும். அதற்கு நீ எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம், நானும் உனக்குச் சொல்லப் போவதில்லை.

இனி ஆக வேண்டியவை.

உன் மகளிடம் நீ சொல்ல வேண்டும். 28ஆம் தேதிக்கு முன்னால், உன் வாயால், எதிரில் உட்கார்ந்து. அலுவலகத்திலிருந்து அவள் காதுக்குப் போகக் கூடாது. மூடியைத் திறந்தது யார் என்பதிலிருந்து ஆரம்பி. அந்தப் பெரியவர் சொன்னதைச் சொல். அன்றைக்கு அவள் அம்மா சாப்பிடாமல் படுத்ததைச் சொல். அம்மா முட்டாள் என்றோ பாவம் என்றோ சொல்லாதே, இரண்டுமே அவள் இல்லை.

மகள் உன்னைக் கத்தினால் வாங்கிக்கொள். என்னைக் கத்த வேண்டுமென்றால் இங்கே அனுப்பு, கதவு திறந்திருக்கும். அவள் செய்ய வேண்டியது என்று எதுவும் இல்லை. மன்னிக்கச் சொல்லி அவளை யாரும் கேட்கக் கூடாது, முக்கியமாக நீ.

அந்தத் தாளைத் திரும்ப வாங்க நீ எழுதிக் கொடுக்க வேண்டும். குமாஸ்தா இழுத்தடிப்பான். நான் ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டேன், இந்தத் தடவை அங்கே யாரும் சிரிக்கவில்லை.

வாளியை அவள் காலடியில் நான் கவிழ்த்ததை விசாரணையில் நான் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். அதனால்தான் அவள் மறைத்தாள் என்பதும் கோப்பில் ஏற வேண்டும்.

தீனி போடக் கூடாது, கிளம்பும் முன் ஒவ்வொரு படகின் பின்தளத்தையும் பார்க்க வேண்டும் என்று உத்தரவு எழுத வேண்டியது அந்த அதிகாரி. எழுதும்வரை தினமும் அவர் அறை வாசலில் நான் நிற்பேன். எனக்கு இனி வேறு வேலை இல்லை.

தாடிக்காரரிடம் நானே பேசுவேன். கேட்கமாட்டார். மறுநாளும் பேசுவேன்.

படகை விற்கக் கூடாது. என்னை ஏற விடாவிட்டால் நீ உரிமத்துக்குப் படி. பறவை பார்க்க என்னிடம் வா. எனக்குத் தம்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் படகுக்கு ஆள் வேண்டும்.

28ஆம் தேதி காலையில் உன்னை முதலில் கூப்பிடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீ உள்ளே போ. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நீ எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தால் அவள் பேரை நான் எடுக்க வேண்டிய அவசியமே இருக்காது. சொல்லாமல் வந்தால் நின்று விளக்கம் சொல்லாதே, என்னைத் தாண்டிப் படியிறங்கிப் போய்விடு. அதற்கப்புறம் நான் உள்ளே போவேன்.

அக்கா